தாடைக்கு எட்டும் கிட்டார்

டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால், பால்கனியில் ஒரு பழைய கதவு நிலை நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடந்தது. துணி காயப்போடுகிற கொடியைக் கழற்றி ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"ஏங்க, என்னது இது? யாரு வீட்டு நிலையைப் பேத்துட்டு வந்திய?"

அவருக்குக் கேட்கவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று, இடது காதுப் பக்கம் குனிந்து, அதே கேள்வியைக் கத்திக் கேட்டேன். கீழ்வீட்டு விஜயலக்ஷ்மி மாமி ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் பிளாக் முழுக்க எங்களுக்குச் சண்டைக்காரக் குடும்பம் என்றுதான் பெயர். உப்பு போதுமா என்று கேட்பதே அடுத்த பிளாக்குக்குக் கேட்டால் அவர்கள்தான் என்ன நினைப்பார்கள், பாவம்.

"நேதாஜி நகர்ல பழைய குவார்ட்டர்ஸ இடிச்சாங்கல்லா, அங்க உள்ளது," என்றார் மேக்ஸ்வெல். "பழைய சாமான் எடுக்க கபாடிக்காரன் குடுத்தான். நல்ல முத்துன தேக்கு. கிட்டார் செய்யப் போறேன்."

"கிட்டாரா? அதான் ஒண்ணு இருக்கே, கட்டிலுக்கு அடியில."

"அது கேக்கல," என்றார்.

சுருட்டி வைத்திருந்த கொடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மேக்ஸ்வெல் சர்க்கார் வேலையில் டிராஃப்ட்ஸ்மேன். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். கல்யாணம் ஆகி டெல்லிக்கு வந்த புதிதில், "இது என்ன, இவர் மட்டும் பாட்டே வாசிக்காமல் டும் டும் என்று தட்டிக்கொண்டு நிற்கிறாரே" என்று நினைத்தேன். நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கப் பிள்ளை. எங்கள் கோவிலில் ஆர்மோனியம்தான். சங்கீத ஞானமும் எனக்குச் சைபர். ஒரு வாரம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்றைக்குப் பாட்டு முழுக்க எதுவோ இல்லாமல் தொளதொளவென்று இருந்தது. அப்போதுதான் அவர் அங்கே என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

காதுக்குள்ளே இருக்கிற குட்டி எலும்பு இறுகிப்போகிற வியாதி அவருக்கு. வலது காதில் ஆபரேஷன் செய்தார்கள். எத்தனையோ பேருக்கு நன்றாக வருகிறது, யாரோ ஒருவருக்கு வராமல் போகும். அந்த ஒருவர் இவராக இருந்தார். அந்தக் காது சுத்தமாகப் போய்விட்டது. மிச்சமிருந்த இடது காதில் கத்தி வைக்க எந்த டாக்டரும் துணியவில்லை. நான் நர்ஸ், எனக்குத் தெரியும், நானே துணிந்திருக்க மாட்டேன். காதுக்கு மிஷின் மாட்டினார்கள். எதிரே உட்கார்ந்து பேசினால் அதில் பேச்சு புரியும். கூட்டத்தில் இரைச்சல்தான். இந்த வியாதியில் கீழ்ச்சுருதிதான் முதலில் போகும். அவர் வாசிப்பதோ அந்தக் கீழ்ச்சுருதியைத்தான்.

ஈஸ்டர் ஆராதனையில் அது நடந்தது. ஒரு தந்தி தளர்ந்துபோய்ப் பாட்டு முழுக்க அபஸ்வரமாக வந்தது. இவருக்குத் தெரியவில்லை. உற்சாகமாகத் தலையை ஆட்டி ஆட்டி வாசிக்கிறார். முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. வெளியே டீ குடிக்கும்போது பாடகர் குழுத் தலைவர் ஜெபதுரை வந்து இவர் தோளில் கை வைத்து, "அண்ணே, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க," என்றார். இவருக்குக் கேட்கவில்லை. நான்தான் காதில் கத்திச் சொன்னேன். சபையே திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு மேக்ஸ்வெல் ஆராதனைக்கு வருவதை விட்டுவிட்டார். ஆபீஸ் போவார், வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அவருக்குப் பிடித்த நேந்திரங்காய் வாங்கி வந்து வறுத்துக் கொடுத்தால் ஒன்றிரண்டு எடுப்பார், அவ்வளவுதான். வார்டில் இப்படி உட்கார்ந்திருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுபடியும் அவர் அந்த மேடையில் போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த மனுஷன் எனக்குக் கிடைக்கமாட்டார் என்று தோன்றியது. கர்த்தரிடம் நான் வேறு எதையும் கேட்கவில்லை.

கிட்டார் யோசனை வந்ததே ஒரு தற்செயல். பழைய கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதற்குக் குனிந்தபோது, அதன் மேல்நுனி இவருடைய தாடையில் இடித்திருக்கிறது. அதே நேரம் கை தந்தியில் பட்டிருக்கிறது. மண்டைக்குள் கேட்டதாம். வயரும் இல்லை, சத்தம் கூட்டுகிற பெட்டியும் இல்லை, எலும்பு வழியாகவே கேட்டதாம். அப்புறம் நாள் முழுக்கக் கழுத்தை வளைத்து வளைத்து அந்த நுனியைத் தாடையில் வைத்துப் பார்த்திருக்கிறார். உட்கார்ந்து குனிந்தால் எட்டுகிறது. நின்றால் எட்டவில்லை. மேடையில் குனிந்துகொண்டு வாசிக்க முடியாதே. அதனால் நின்றபடி நிமிர்ந்து வாசித்தாலும் தாடைக்கு எட்டுகிற மாதிரி கொம்பு நீண்ட கிட்டார் ஒன்றைத் தானே செய்துகொள்ள முடிவெடுத்துவிட்டார்.

கிட்டாரின் உடம்பில் மேல்பக்கம் மாட்டுக் கொம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், தோள்வாரை அதில்தான் மாட்டுவார்கள். அந்தக் கொம்பைத்தான் அவர் நீட்டினார். முதலில் அட்டையில் வெட்டினார். என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு என்னை நாற்காலியில் ஏற்றி, தோளிலிருந்து தாடை, தாடையிலிருந்து விலா என்று அளக்கச் சொன்னார். "அசையாதீங்க" என்று நான் கத்த, அவர் அசைய, அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். டிராஃப்ட்ஸ்மேன் புத்தி எங்கே போகும்? ஒரே படத்தை மூன்று விதமாக வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டினார். பால் எடுக்கப் போனாலும் கிட்டார், தயிர் எடுக்கப் போனாலும் கிட்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க வீடே மரத்தூள். தோசையில் தூள், தலையணையில் தூள். நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்று சொன்னால் பொய். தினமும் கத்தினேன். ஆனால் அது வேறு கத்தல். அவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு, "என்ன?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்ல, அறுங்க," என்பேன்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை அவருக்கு. ஆனாலும் முதல் கிட்டார் உடைந்தது. நிலைக்கட்டை அகலம் போதாமல், கொம்பை மரத்தின் ரேகைக்குக் குறுக்கே வெட்டியிருந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது முறுக்கு உடைகிற மாதிரி சட்டென்று உடைந்து கையோடு வந்துவிட்டது. உடைந்த கொம்பைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தமும் அவருக்குக் கேட்டிருக்காது.

"விட்டுருதேன் பிலோமி," என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "விடுவியளா? என் கொடியக் கழத்துனது எதுக்கு? நான் ஈரத்துணிய ஃபேனுக்கு அடியில காயப்போட்டது எதுக்கு? எந்திரிங்க. அந்தக் கபாடிக்காரன் இன்னொரு நிலை வச்சிருப்பான். போங்க."

போனார். இந்தத் தடவை பலகைகளை ரேகை நீளவாக்கில் ஓடும்படி ஒன்றோடு ஒன்று ஒட்டி, இடுக்கி போட்டு இறுக்கி, எங்கள் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டார். பசை இறுகும்வரை நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கழுத்துப் பலகை, அதில் பதிக்கிற பித்தளை நிறக் கம்பிகள், தந்தியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற பிக்கப் எல்லாம் பார்சலில் வந்தன. ஒவ்வொரு கம்பியையும் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி இறக்கினார். சுருதி சேர்ப்பதற்கு ஃபோனில் ஒரு ஆப் வைத்திருந்தார். தந்தியைத் தட்டினால் அதில் முள் ஆடி நடுவில் வந்து நிற்கும். "இனிமே தந்தி தளந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும்," என்றார். ஈஸ்டரை அவர் மறக்கவே இல்லை.

நவம்பர் வந்து, டெல்லியில் சூரியன் அழுக்கு பல்பு மாதிரி எரிந்துகொண்டிருந்த ஒரு நாள், தந்தி கட்டி முடித்தார். பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. கொம்பு நீண்டு, மேலே வளைந்து, நுனியில் தாடை உட்கார ஒரு குழி. எங்கள் பழைய பெட்ஷீட்டைக் கிழித்து மெருகு போட்டுத் துடைத்திருந்தார். தோளில் மாட்டி, நிமிர்ந்து நின்று, மிஷினைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். தாடையைக் குழியில் வைத்தார். தட்டினார்.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கரண்டு கொடுக்காத கிட்டார், டொக் டொக்கென்று நகத்தால் மேஜையைத் தட்டுகிற அளவுதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கேக்கு," என்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. "பிலோமி, கேக்கு. அடி வரைக்கும் கேக்கு."

"நீயும் பாரு," என்று என்னை இழுத்து, கொம்பில் தாடையை வைக்கச் சொன்னார். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு வைத்தேன். அவர் தட்டினார். என் பல்லிலும் மண்டையிலும் கண்ணுக்குப் பின்னாலும் கடல் மாதிரி இரைந்தது. இத்தனை வருஷம் இவர் வாசித்ததை நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை என்று தோன்றியது. நானும் அழுதேன். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

"சரி, உங்க கிட்டார் உங்களுக்குக் கேக்கு. மத்தவங்க வாசிக்கது எப்பிடிக் கேக்கும்?" என்று, அவர் மிஷினை மாட்டியதும், நான்தான் கேட்டேன்.

"அது கேக்க வேண்டாம். புதுசா ஃபெபின்னு ஒரு பிள்ளை கீபோர்டு வாசிக்கான்னு சொன்னல்லா? அவ பக்கத்துல நின்னுக்கிடுதேன். அவ இடது கைய எந்தக் கட்டையில வைக்காளோ, அதே சுருதியில நானும் வைப்பேன். கண்ணு நல்லாத்தான இருக்கு?"

கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். ஃபெபி ஈஸ்டருக்குப் பிறகு வந்த பெண். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ்ப் பாட்டை இங்கிலீஷில் எழுதி வைத்துப் பாடுகிறவள். அவள் வாசித்து இவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜெபதுரைக்கு நான் ஃபோன் போட்டேன். அவர் இழுத்தார். "அக்கா, அண்ணனுக்குச் சிரமமா இருக்குமே," என்றார். "சிரமமெல்லாம் எங்க வீட்டுல முடிஞ்சிட்டு தம்பி, வந்து நிக்க இடம் மட்டும் குடுங்க," என்றேன். சனிக்கிழமை ஒத்திகைக்கு வரச் சொன்னார். அன்றைக்கு எனக்கு டியூட்டி. இவர் தனியாக ஆட்டோ பிடித்துப் போய் வந்தார். நான் வீட்டுக்கு வந்தபோது டீ போட்டு வைத்திருந்தார்.

"எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் கையக் காட்டினாங்க. அந்தப் பிள்ளை ஃபெபி மட்டும் ஒரு மாதிரி முழிச்சா. கிட்டாரப் பாத்துப் பயந்துட்டா போல," என்று சிரித்தார்.

மறுநாள், விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை. எங்களுக்கென்று தனிக் கோவில் கிடையாது. காலையில் இந்தி ஆராதனை, பிறகு இங்கிலீஷ், அவர்கள் முடித்த பிறகு நாங்கள். அவர்கள் ஷூவோடு போவார்கள், வருவார்கள். நாங்கள் மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். நவம்பர் குளிரில் தரை சில்லென்று ஏறும், ஆனாலும் ஒருத்தரும் செருப்போடு உள்ளே வரமாட்டார்கள். மேக்ஸ்வெல் வெறுங்காலோடு பாடகர் குழுவின் மரமேடையில் ஏறி, ஃபெபிக்குப் பக்கத்தில் நின்று, வயரைச் செருகி, மிஷினைக் கழற்றிப் பைக்குள் வைத்து, தாடையைப் பொருத்தினார். கிட்டாரைப் பார்த்துச் சபையில் ஒரு முணுமுணுப்பு. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

முதல் பாட்டு தொடங்கியது. எல்லாம் கேட்டது, இவருடையது மட்டும் கேட்கவில்லை.

அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கொஞ்ச நேரத்தில் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். மரமேடை அதிர்ந்தால் உள்ளங்காலில் தெரியும் அல்லவா? அது அதிரவில்லை. கிட்டாரில் இருந்த குமிழைத் திருகினார். வயரை அழுத்திப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தில் என்னைத் தேடினார். புருவத்தைத் தூக்கி, மோவாயால் கால் பக்கம் காட்டினார். சத்தம் போகவில்லை, என்னவென்று பார் என்று அர்த்தம்.

எழுந்து பின்பக்கம் போனேன். எல்லார் சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற மிக்ஸர் மேஜையில் எங்கள் சுரேஷ்குமார் இருந்தார், மத்திய அமைச்சகத்தில் வேலை பார்க்கிறவர், சபையில் ஒலிபெருக்கிப் பொறுப்பு அவருக்கு.

"தம்பி, அண்ணன் லைன் வரல. பாருங்க," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "லைன் வருது அக்கா. நான்தான் மூடி வச்சிருக்கேன். ஜெபதுரை அண்ணன் சொல்லிட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் மனுஷன் ஒரு மழைக்காலம் பூராவும் தூளைத் தின்று, உடைந்ததைத் திரும்பச் செய்து, தாடையை மரத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இவர்கள் ஒரு விரலால் அதை மூடிவிட்டு ஸ்தோத்திரம் பாடுகிறார்கள். "தள்ளுங்க," என்றேன். "அக்கா, பாட்டு முடியட்டும் அக்கா," என்றார். தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, மேக்ஸ்வெல் என்று பெயர் ஒட்டியிருந்த சத்தக் கட்டையை நானே மேலே ஏற்றினேன்.

கோவில் அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

மேக்ஸ்வெலின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். உள்ளங்காலில் ஏறியிருக்கும். நிமிர்ந்தார். தோளை விரித்தார். கண் ஃபெபியின் கையை விட்டு நகரவில்லை, ஆனால் உதடு சிரித்தது. ஈஸ்டருக்கு முன்னால் இருந்த மேக்ஸ்வெல் அங்கே நின்றார். நான் கர்த்தரிடம் கேட்டது அதுதான்.

ஆனால் பாட்டு செத்துக்கொண்டிருந்தது. சங்கீதம் தெரியாத எனக்கே தெரிந்தது. கீபோர்டு ஒரு பக்கம் இழுக்க, இவர் ஒரு பக்கம் இழுக்க, நடுவில் சபை பாட முடியாமல் திணறியது. தாளம் சரியாக இருந்தது, கை உறுதியாக இருந்தது, ஆனால் ஒரு சுரம்கூடச் சேரவில்லை. பாடுகிறவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது. முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்தின. ஜெபதுரை கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு பேருக்கு நடுவில் என் மனுஷன் மட்டும் சிரித்துக்கொண்டு வாசித்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவருக்காகத்தான் வெட்கப்பட்டேன் என்று சொல்லலாம். எனக்காகவும்தான்.

கட்டையைக் கீழே இழுத்துவிட்டேன்.

மேடை அடங்கியது அவர் காலுக்கு உடனே தெரிந்திருக்கும். தலையைத் தூக்கினார். நேராக மிக்ஸர் மேஜையைப் பார்த்தார். சுரேஷ்குமார் தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேஜை மேல் என் கைதான் இருந்தது. எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் நிறுத்தவில்லை. பாட்டு முடியும்வரை, சத்தமில்லாமல், கடைசிச் சரணம்வரை வாசித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஃபெபியின் கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஃபெபி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஆன்ட்டி, அங்கிள் தப்பா வாசிக்கல. மேரி கல்தி ஹை, தப்பு என்னோடதுதான். எனக்கு ஒரே ஸ்கேல்தான் நல்லா வரும். டிரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன் இருக்கு. அத அமுக்கிட்டா நான் எங்க வாசிச்சாலும் கீபோர்டு தானே சுருதிய ஏத்திக்கும். இன்னைக்கு நான் ரெண்டு படி ஏத்தி வச்சிருந்தேன். அங்கிள் என் விரலப் பாத்து வாசிச்சாங்க. விரல் ஒரு எடத்துல, சத்தம் வேற எடத்துல."

"நேத்தே தெரியுமா உனக்கு?"

தலையை ஆட்டினாள். "தெரியும் ஆன்ட்டி. ஆனா அங்கிள்கிட்ட சொல்லணும்னா கத்திச் சொல்லணும். எல்லார் முன்னாடியும் பெரியவங்கள எப்படி சத்தம் போடுறது? ஜெபதுரை அங்கிளும் வேண்டாம்னாங்க. அச்சா நஹீ லகேகா, நல்லா இருக்காது, மனசு கஷ்டப்படும்னாங்க. இந்த வாரம் சவுண்ட மட்டும் மூடிடலாம், அப்புறம் நீங்க இருக்கும்போது மெதுவா சொல்லிக்கலாம்னாங்க."

மரியாதையாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவர்கள் எல்லோரையும் கேட்டேன். "ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் காட்டத் தெரியலையா உங்களுக்கு? காதுதான போச்சு, கண்ணுமா போச்சு?" என்றேன். ஜெபதுரை கைகூப்பி நின்றார். எத்தனை கத்தினாலும் என் கை அந்த மேஜை மேல் இருந்தது மாறப்போவதில்லை என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதனால் இன்னும் கத்தினேன்.

ஆட்டோவில் புகை மூட்டத்துக்குள் போனோம். கிட்டாரை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தார். அவர் மிஷினை மாட்டவில்லை. நான் அவருடைய இடது காதில் வாயை வைத்து, பட்டன் கதையை முதலிலிருந்து கத்தினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "பெஹன்ஜி, கர் ஜாகே லட் லேனா," என்றார். வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்.

"அப்பம் நான் தப்பா வாசிக்கல," என்றார் மேக்ஸ்வெல்.

"இல்லங்க."

"கிட்டார்லயும் தப்பு இல்ல."

"ஒரு தப்பும் இல்ல. பட்டன் ஒண்ணுதான். அடுத்த வாரம் அத அமுக்காம வாசிக்கச் சொல்லிருதேன்."

தலையை ஆட்டினார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் மூடினாய் என்று கேட்பார், கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். வீடு வந்துவிட்டது.

அந்த வாரமே ஜெபதுரையும் ஃபெபியும் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் பட்டன் இல்லாமல் வாசிக்கப் பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். இவர் அவளுக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தார், தலையில் கை வைத்து நல்லா வாசிம்மா என்றார். ஜெபதுரையிடம்கூட முகம் சுளிக்கவில்லை. ஆராதனைக்கு வருவதைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "பாப்போம்," என்றார். போகவில்லை. கிறிஸ்துமஸுக்கும் போகவில்லை.

ஆனால் சுவரைப் பார்த்து உட்காரவும் இல்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் கிட்டாரை மாட்டி, மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். தாடையைப் பொருத்திக்கொண்டு இருட்டும்வரை வாசிப்பார். வயர் கிடையாது, பெட்டி கிடையாது. பால்கனியில் நான் திரும்பக் கொடி கட்டித் துணி போட்டுவிட்டேன். நான் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பேன். விரல் ஓடும், தலை ஆடும், சில சமயம் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு டொக் டொக்கென்று மட்டும் கேட்கும். எந்தப் பாட்டு என்றுகூடத் தெரியாது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து, ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூசி தட்டி இழுத்து வந்து, வயரை அவர் கையில் கொடுத்தேன். இடது காதில் கத்திச் சொன்னேன். "மாட்டுங்க. நானும் கேக்கேன்."

வயரைக் கையில் வைத்துப் பார்த்தார். சுருட்டிப் பெட்டி மேலேயே வைத்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வேண்டாம் பிலோமி. பிடிக்கலன்னா நீ எந்திரிச்சு வந்து மூடணும். ஓயாம வேலை பாத்துட்டு வாற, சும்மா உக்காரு," என்றார்.